ஆண்டெனா வாங்கிய பவர் எங்கே போச்சு?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் "ஆண்டெனா" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது என் வழக்கம். "டிவி ஆண்டெனாவா? அதெல்லாம் இப்ப யாரு வீட்டு மாடியில இருக்கு?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன் :-) ஆனால் கொஞ்ச நாளாக ஊரில் இருந்து போனில் வருகிற கேள்விகள் அப்படிச் சிரித்துவிட்டு நகரக்கூடியவையாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

பெங்களூரில் நான் இருக்கும் லேபில், உடம்புக்குள் மைக்ரோவேவ் அலையை அனுப்பிப் படம் பிடிக்கிற கருவிகளுக்கான ஆண்டெனாக்களை அளக்கிறோம். முக்கியமாக, ஆண்டெனாவின் எஃபிஷியன்சி. பள்ளிக்கூடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தில் 'பயனுறுதிறன்' என்று படித்தோமே, அதேதான். உள்ளே போன பவரில் எவ்வளவு உருப்படியாக வெளியே வந்தது என்கிற கணக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. உடம்பு என்று வந்துவிட்டால் இதைவிடச் சிக்கலான கணக்கு குறைவு.

உடம்புக்குள் அலை

மைக்ரோவேவ் அவனில் சாதம் சூடாவதும், வீட்டு வைஃபை ஓடுவதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள அலையால்தான். அவனில் நூற்றுக்கணக்கான வாட். படம் பிடிக்கிற கருவியில் மில்லிவாட் கணக்கு. எக்ஸ்ரே மாதிரி அணுவை அயனியாக்கும் சக்தி இந்த அலைக்குக் கிடையாது. இதனால்தான் இதன் மேல் எல்லோருக்கும் ஆசை.

இந்த அலைக்குத் தண்ணீர் என்றால் பெரிய விஷயம். தண்ணீர் அதிகமுள்ள திசுவில் அலை மெதுவாகப் போகும், சீக்கிரம் தேயும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் சுலபமாகப் போய்விடும். மின்கடத்தாப் பொருள் மாறிலி என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். 2.45 கிகாஹெர்ட்ஸில் அது தசைக்குச் சுமார் 53, கொழுப்புக்குச் சுமார் 5. பத்து மடங்கு வித்தியாசம். புற்றுக்கட்டியில் தண்ணீர் அதிகம் என்பதால் கொழுப்புக்கு நடுவே அது தனியாகத் தெரியும் என்பதுதான் இந்தத் துறையின் மூல நம்பிக்கை.

1970களின் கடைசியில் அமெரிக்காவில் ஜேக்கபி, லார்சன் என்ற இருவர், ஆண்டெனாக்களையே தண்ணீரில் முக்கி, நாயின் சிறுநீரகத்தை மைக்ரோவேவில் படம் பிடித்தார்கள். தண்ணீருக்குள் அலைநீளம் சுருங்கும், அதனால் நுணுக்கம் கூடும். காற்றில் இருந்து உடம்புக்குள் நுழையும்போது வாசலிலேயே பெரும் பகுதி திரும்பிவிடுவதும் குறையும். 1990களின் கடைசியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹேக்னஸ், ராடார் முறையில் மார்பகத்தைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2000ல் டார்ட்மவுத் குழு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரிக் கருவியை வெளியிட்டது. பிறகு கனடாவில் கால்கரி, இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று பல இடங்களில் பெண்களை வைத்தே சோதனைகள் நடந்தன.

நடுவில் ஒரு அடி விழுந்தது. 2007ல் விஸ்கான்சினும் கால்கரியும் சேர்ந்து, அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களை அளந்து பார்த்தார்கள். கொழுப்புக்கும் கட்டிக்கும் பத்து மடங்கு வரை வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் மார்பகத்தில் இருக்கும் சுரப்பித் திசுவுக்கும் கட்டிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சுமார் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. கட்டி பெரும்பாலும் முளைப்பது அந்தச் சுரப்பித் திசுப் பக்கம்தான். அப்படியென்றால் நாம் தேடுகிற எதிரொலி மிக மிகச் சின்னது. அது போகும் வழியில் எங்கேயும் சிந்தக்கூடாது. முதல் சிந்தல் நடக்கிற இடம் ஆண்டெனா.

திரும்பி வராதது எல்லாம் உள்ளே போனதா?

ஆண்டெனா செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது எஸ்-11 என்ற எண்ணை. நெட்வொர்க் அனலைசரில் கேபிளை மாட்டினால் திரையில் வந்துவிடும். அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் அது. −10 டெசிபெல் என்றால் 10 சதவீதம் திரும்பியது. −20 என்றால் 1 சதவீதம். கோடு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சந்தோஷம். கல்லூரி பிராஜெக்ட் ரிப்போர்ட் பாதிக்கு மேல் அந்தப் படத்தோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இறைத்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பி வரவில்லை, சரி. அதனால் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா? மண் வாய்க்காலே பாதியைக் குடித்திருக்கலாம்.

இதை லேபில் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சின்ன வேலை செய்வேன். 5 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை எடுத்து அனலைசரில் மாட்டச் சொல்வேன். மறுமுனையில் ஒன்றும் கிடையாது, வெறும் திறந்த முனை. அலை போகும்போது 5 டெசிபெல் தேயும், முனையில் முட்டித் திரும்பி வரும்போது இன்னொரு 5 தேயும். திரையில் −10 டெசிபெல்! பார்க்க நல்ல ஆண்டெனா மாதிரியே இருக்கும். ஆண்டெனாவே அங்கே இல்லை.

போன வருஷம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிப் பையன் இன்டர்ன்ஷிப் வந்தான். அவன் கொண்டு வந்த ஆண்டெனாவில் எஸ்-11 −25 டெசிபெல் வரை போனது. அகன்ற பட்டை, அழகான கோடு. முகம் எல்லாம் பூரிப்பு. சாதாரண எஃப்ஆர்4 போர்டில் செய்திருந்தான். பச்சை நிறத்தில் எல்லா எலக்ட்ரானிக் சாமானிலும் இருக்குமே, அந்த போர்டு. கைகளின் நுனியில் சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள். அளந்து பார்த்தோம். வாங்கிய பவரில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியே வரவில்லை. மீதி ரெசிஸ்டரிலும் போர்டிலும் சூடாகிப் போயிருந்தது.

"30 சதவீதம்தான் சார் போகுது, பரவாயில்லையா?" என்றான். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். படம் பிடிக்கும்போது அனுப்புவதும் ஆண்டெனா, வாங்குவதும் ஆண்டெனா. 0.3 பெருக்கல் 0.3, அதாவது 9 சதவீதம். திசுவுக்குள் தேய்வதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூடி போட்டு அளப்பது

எஃபிஷியன்சியை அளக்க ஒரு பழைய, அழகான வழி இருக்கிறது. ஹெரால்ட் வீலர் 1959ல் எழுதியது. ஆண்டெனாவை ஒரு உலோக மூடியால் மூடிவிட வேண்டும். மூடியின் ஆரம் அலைநீளத்தை இரண்டு பை-யால் வகுத்த அளவு. 2.45 கிகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர், ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான். மூடியபின் வெளியே எதுவும் போக முடியாது. அப்போது தெரிகிற இழப்பு முழுக்க ஆண்டெனாவின் சொந்த இழப்பு. மூடியைத் திறந்து மறுபடி அளந்தால் இழப்பும் வெளியே போனதும் சேர்ந்து தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

இது ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் சின்ன ஆண்டெனாவுக்குச் சரி. நமக்கு வேண்டியது பல கிகாஹெர்ட்ஸ் அகலம். அதற்கு 2001ல் ஹான்ஸ் ஷாண்ட்ஸ் இன்னொரு வழி சொன்னார். மூடியைப் பெரிதாக வை, வெளியே போன அலை சுவரில் முட்டி ஆண்டெனாவுக்கே திரும்பட்டும், அப்படித் திரும்பியதை வைத்துக் கணக்குப் போடு என்று.

ஆனால் இந்த இரண்டு வழியும் ஆண்டெனா காற்றில் இருக்கிறது என்ற நினைப்பில் வந்தவை. நம் ஆண்டெனா உட்காரப்போவது தோலின் மேல், அல்லது திரவத்துக்குள். மூடிக்குள் திரவத்தை ஊற்றினால் திரவமும் பவரைக் குடிக்கும். அது ஆண்டெனா குடித்ததா, திரவம் குடித்ததா என்று பிரிக்க முடியாது. காற்றில் அளந்த எண்ணை அப்படியே உடம்புக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. தோலில் ஒட்டியதுமே ஆண்டெனாவில் கரண்ட் ஓடும் விதமே மாறிவிடும்.

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று. காற்றில் வெளியே போன பவர் 1 மீட்டரில் அளந்தாலும் 10 மீட்டரில் அளந்தாலும் மொத்தத்தில் அதேதான். தசையில் அப்படி இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 4 டெசிபெல் தேய்கிறது. 1 சென்டிமீட்டர் தாண்டினால் 40 சதவீதம் மிச்சம். 3 சென்டிமீட்டர் தாண்டினால் 6 சதவீதம். அப்படியானால் எந்த இடத்தில் அளந்ததை "வெளியே வந்த பவர்" என்று சொல்வது? ஆண்டெனாவின் எல்லை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று முதலில் ஒரு கோடு போட்டாக வேண்டும். நாங்கள் ஆண்டெனாவின் முகத்தில், அதாவது அது தோலைத் தொடும் தளத்தில் கோடு போடுகிறோம். அந்தக் கோட்டைத் தாண்டித் திசுவுக்குள் போனது வரவு. போர்டில் போனது செலவு. ஆண்டெனாவின் முதுகுப் பக்கம் காற்றில் போனதும் செலவுதான். ரேடியோக்காரர்கள் முதுகுப் பக்கம் போனதையும் வரவில் எழுதுவார்கள். எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிப்போர்ட்டில் கோடு எங்கே என்று எழுதாமல் "எஃபிஷியன்சி 80 சதவீதம்" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கோடு போட்டபின் அளக்கிற வேலை

ஒரு வழி, ஒரே மாதிரி இரண்டு ஆண்டெனாக்களைத் திரவத்தில் எதிரெதிரே வைத்து, தூரத்தை மாற்றி மாற்றி அளப்பது. தூரத்தால் வந்த தேய்மானத்தைக் கழித்தால் மீதி ஆண்டெனாவின் கணக்கு. ரொம்பப் பக்கத்தில் வைத்தால் பாடப்புத்தகச் சூத்திரம் பொருந்தாது, கம்ப்யூட்டர் சிமுலேஷனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியின் சொந்தக்காரர் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறார். மொபைல் போன் பெட்டியில் எஸ்.ஏ.ஆர். என்று ஒரு எண் போட்டிருக்கும். 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் அது ஒரு கிராம் திசுவுக்குக் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது. அதை எப்படிச் சோதிக்கிறார்கள்? தலை வடிவ ஓட்டில் திசு மாதிரியான திரவத்தை ஊற்றி, போனை அடியில் வைத்து, ரோபோ கையில் ஒரு மெல்லிய புரோபைத் திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்தி மின்புலத்தை அளப்பார்கள். அதே வேலையை நம் ஆண்டெனாவுக்கும் செய்யலாம். ஒவ்வொரு புள்ளியிலும் திரவம் குடித்த பவரைக் கூட்டினால், கோட்டைத் தாண்டி உள்ளே போன மொத்தம் கிடைக்கும். தொட்டி போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மொத்தத்தை ஆண்டெனா வாங்கிய பவரால் வகுத்தால் நமக்கு வேண்டிய எண்.

திரவம் செய்வது கிட்டத்தட்ட சமையல். தண்ணீரில் சர்க்கரை கூடினால் மின்கடத்தா மாறிலி இறங்கும். உப்பு கூடினால் மின்கடத்தல் ஏறும். கொழுப்பு மாதிரி வேண்டுமென்றால் எண்ணெய். கெட்டியாக வேண்டுமென்றால் ஜெலட்டின். கிளிசரின் கலப்பவர்களும் உண்டு. ஜெலட்டினை மூடாமல் வைத்தால் காய்ந்து போகும், நேற்றைய அளவு இன்று வராது. ஏ.சி. நின்று சூடு ஏறினாலும் எண் மாறும். தோலுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அன்றைக்கு எடுத்த அளவு எல்லாம் குப்பைக்கு.

கேபிள் இன்னொரு தலைவலி. ஆண்டெனா சின்னதாக இருந்தால் கேபிளின் வெளித்தோலிலும் கரண்ட் ஓடி, கேபிளும் சேர்ந்து ஆண்டெனாவாகிவிடும். கையால் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். திரையில் கோடு ஆடினால் நீங்கள் அளப்பது ஆண்டெனாவை மட்டும் இல்லை. ஃபெரைட் வளையம் போட்டோ, ஊட்டும் முறையைச் சரி செய்தோ இதை நிறுத்திய பிறகுதான் மற்ற வேலை.

ஏன் வேண்டுமென்றே இழக்கிறார்கள்?

அந்தப் பையன் கதைக்கு வருவோம். ரெசிஸ்டரை எல்லாம் பிடுங்கிவிட்டு அளந்தான். எஃபிஷியன்சி நன்றாக ஏறியது. ஆனால் இன்னொன்று கெட்டது. குறுகிய துடிப்பு ஒன்றை அனுப்பினால் ஆண்டெனா கோவில் மணி மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. தோலில் பட்ட பெரிய எதிரொலியும் இந்த ரீங்காரமும் அடங்குவதற்குள் கட்டியின் சின்ன எதிரொலி வந்து போய்விடும். நுனி ரெசிஸ்டர்கள் இதை அடக்கத்தான் இருந்தன. டார்ட்மவுத் குழுவும் இப்படித்தான், தேய்க்கிற கிளிசரின் கலவைக்குள் எளிய மோனோபோல் ஆண்டெனாக்களை வைத்தார்கள். நிறைய பவர் போகும் என்று தெரிந்தே. சுற்றி வளைத்து வரும் வேண்டாத அலைகளைத் திரவம் கொன்றுவிடும், ஆண்டெனாவும் அகன்ற பட்டையில் படியும் என்பது அவர்கள் கணக்கு.

ஆக, எஃபிஷியன்சி குறைவு என்பது தானாகவே கெட்ட செய்தி இல்லை. எவ்வளவு கொடுத்து எதை வாங்கினோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் பையன் ரெசிஸ்டரின் மதிப்பை மாற்றி, போர்டையும் மாற்றி, நடுவில் ஒரு இடத்தில் நின்றான். அவன் ரிப்போர்ட்டில் எஸ்-11 படத்துக்குப் பக்கத்திலேயே எஃபிஷியன்சி படமும் ரீங்காரப் படமும் இருந்தன. எனக்குத் திருப்தி.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

என் சித்தி திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார். டாக்டர் மேமோகிராம் எடுக்கச் சொல்லி இரண்டு மாதம் ஆகியும் போகவில்லை. போனில் கேட்டேன். "எய்யா, நீதான் ஏதோ வலியில்லாத மிஷினு செய்யுதியாமே. அது வந்த பொறவு பாத்துக்கிடுதேன். அந்த அமுக்குத மிஷினெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் செய்கிற வேலை ஒருவர் டாக்டரிடம் போகாமல் இருக்கக் காரணம் ஆகிவிட்டது. "சித்தி, நாங்க இன்னும் சர்க்கரைத் தண்ணியில ஆண்டெனாவ முக்கி அளந்துக்கிட்டு இருக்கோம். அது வர்றப்ப வரட்டும். நீங்க நாளைக்கே போங்க" என்றேன். தங்கச்சி கூட்டிப் போனாள். ரிசல்ட் சித்தியின் சொந்த விஷயம், இங்கே எழுதவில்லை. போனார் என்பதுதான் முக்கியம்.

நம்மில் நிறைய பேருக்கு அம்மா, மாமியார், அத்தை எல்லாம் ஊரில். நாம் வெளியூரில். வாட்ஸப்பில் "கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை" என்று ஏதாவது வந்தால் அவர்களுக்கு அனுப்பிவிடுகிறோம். எந்தக் கருவியானாலும் அனுப்பும் முன் சில கேள்விகள் கேளுங்கள். அது எந்த வகை? உடம்பின் சூட்டைக் கேமராவில் பிடிப்பதும் மைக்ரோவேவ் படமும் வேறு வேறு. சோதனை எதில் நடந்தது, ஜெலட்டினிலா, பெண்களிடமா? பெண்களிடம் என்றால் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள்? மேமோகிராமுக்குப் பதிலாகவா, அதோடு சேர்த்தா? இன்றைய தேதிக்கு மைக்ரோவேவ் படம் மேமோகிராமின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷின் எதுவும் இல்லாத ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. மும்பையில் டாடா மெமோரியல் நடத்திய நீண்ட ஆய்வு 2021ல் வெளியானது. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், 20 வருடம். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு அவ்வளவு உறுதியாக இல்லை, அதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலிலும் 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனை உண்டு. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது இதைக் கேட்டுவிடுங்கள். கட்டியோ மாற்றமோ தெரிந்தால் எந்த மெஷினுக்காகவும் காத்திருக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

ஆண்டெனா பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரீங்காரத்தை எப்படி அளப்பது என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.